கேள்வி கேட்பது யார்? காணாமல் போன குழந்தை வழக்குகளில் அயல்நாட்டுச் சாட்சி விசாரணையின் வரலாறு

2007 மே 3 இரவு, போர்ச்சுகலின் தென்கரையில் உள்ள பிரையா த லூஸ் என்ற ஊரின் விடுதியிலிருந்து மேடலின் மெக்கேன் என்ற பிரிட்டிஷ் குழந்தை காணாமல் போனாள். அவளுக்கு நான்கு வயது நிறைய ஒன்பது நாள் இருந்தது. விடுமுறைக்கு வந்தவர்கள் தங்கிப்போகும் ஊர் அது. அன்றிரவு அந்தத் தெருக்களில் நடந்தவர்கள், பக்கத்து அறைகளில் இருந்தவர்கள், உணவகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் சில நாட்களில் தங்கள் நாடுகளுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். குற்றம் நடந்த இடம் போர்ச்சுகல் போலீஸின் கையில் இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் போலீஸின் அதிகார எல்லைக்கு வெளியே போய்விட்டார்கள்.

அயல்நாட்டுச் சாட்சியை விசாரிப்பதற்கான சட்ட ஏற்பாடுகள் நீதிமன்ற வழக்குக்காக உருவானவை. தேடலுக்காக உருவானவை அல்ல. ஒன்றரை நூற்றாண்டில் அவை வெகுவாக மாறியிருந்தாலும் இந்தப் பிறவிக்குணம் போகவில்லை. குழந்தையைத் தேடும் அதிகாரிக்கு மணிநேரங்கள் முக்கியம். சட்டம் அவருக்கு மாதங்களையே தந்துவந்திருக்கிறது.

தொடக்கத்தில் இது நீதிபதிகளுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்து. ஒரு நாட்டு நீதிமன்றம் எழுதும் வேண்டுகோள் தூதரகம், அயலுறவுத்துறை என்று படியேறி இறங்கி இன்னொரு நாட்டு நீதிமன்றத்தை அடையும். இங்கிலாந்தில் 1856-ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு நீதிமன்றங்களின் உரிமையியல், வணிக வழக்குகளுக்காக அங்குள்ள சாட்சிகளை விசாரிக்க இடம் தந்தது. 1870-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் ஒப்படைப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அரசியல் குற்றங்களைத் தவிர்த்து, அதைக் குற்ற வழக்குகளுக்கும் நீட்டித்தது. 1975-இல் வந்த புதிய சட்டமும் குற்ற வழக்கு முறைப்படி தொடங்கியிருக்க வேண்டும் என்றே கேட்டது. காணாமல் போன குழந்தையின் வழக்கில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் என்று ஒருவர் இருப்பதில்லை. ஆள் யார் என்று தெரிவதற்காகத்தான் சாட்சியே தேவைப்படுகிறது. புலனாய்வு நிலையிலேயே உதவி கேட்கவும் கொடுக்கவும் பிரிட்டனில் வழி பிறந்தது 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதே ஆண்டில் இந்தியாவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 166ஏ, 166பி பிரிவுகளைச் சேர்த்தது. இங்கே புலனாய்வு அதிகாரி நேராக எழுத முடியாது. நீதிமன்றத்தில் மனுச் செய்து, நீதிமன்றத்தின் பெயரில்தான் கடிதம் போக வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளுக்குப் பொது அடிப்படையாக அமைந்தது 1959 ஏப்ரல் 20-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கை. அதன் மூன்றாம் பிரிவுப்படி, கேட்கப்பட்ட நாடு தன் சட்டம் சொல்லும் முறையில்தான் விசாரணையை நடத்தும். நான்காம் பிரிவுப்படி, அந்த நாடு சம்மதித்தால் கேட்ட நாட்டின் அதிகாரிகள் உடனிருக்கலாம். எட்டாம் பிரிவு சாட்சியைக் காக்கிறது: அயல்நாட்டு அழைப்பாணைக்குப் போகாதவரைத் தண்டிக்க முடியாது. இந்த மூன்றும் 1959-இல் நியாயமாகவே எழுதப்பட்டவை. தன் மண்ணில் வாழும் ஒருவரை வேற்று நாட்டுப் போலீஸ் வந்து குடைவதை எந்த நாடும் ஏற்காது. ஏற்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் இவை மூன்றும் சேர்ந்து ஒரு தேடலை எப்படி முடக்கும் என்பதற்கு பிரையா த லூஸ் வழக்கைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வழக்கின் கோப்புகளில் பெரும்பகுதியை 2008 ஆகஸ்டில் போர்ச்சுகல் வெளியிட்டது. முதல் நாட்களின் வாக்குமூலங்களில் சாட்சி ஆங்கிலத்தில் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார், அதிகாரி போர்ச்சுகீஸில் தட்டச்சு செய்கிறார். ஏட்டில் ஏறுவது ‘இன்னதைக் கண்டதாகக் கூறுகிறார்’ என்ற படர்க்கை நடை. கேட்ட கேள்வி பெரும்பாலும் அதில் இல்லை. இறுதியில் மொழிபெயர்த்து வாசித்துக் காட்ட, சாட்சி தன்னால் படிக்க முடியாத தாளில் கையெழுத்திடுகிறார்.

பதினொரு மாதம் கழித்து, 2008 ஏப்ரலில், பெற்றோருடன் அன்றிரவு உணவருந்திய நண்பர்கள் எழுவரும் இங்கிலாந்தில் மீண்டும் விசாரிக்கப்பட்டார்கள். போர்ச்சுகல் அனுப்பிய வேண்டுகோளின்படி கேள்வி கேட்டவர்கள் லெஸ்டர்ஷயர் போலீஸார். போர்ச்சுகல் குழுவின் தலைவர் பாவ்லோ ரெபெலோ தம் அதிகாரிகளுடன் வந்து உடனிருந்தார். இந்தப் பதிவுகள் வேறு வகை. கேள்வியும் பதிலும் சொல்லுக்குச் சொல் இருக்கின்றன. ‘ம்ம்’ என்ற தயக்கமும், பாதியில் நின்று திரும்பத் தொடங்கும் வாக்கியமும்கூட விடுபடவில்லை. சாட்சியை அவர் போக்கில் பேசவிட்டுப் பிறகு கேட்கும் பிரிட்டிஷ் பயிற்சி 1990-களில் வேரூன்றியது. அதன் தடம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நினைவு புதிதாக இருந்தபோது பதிவு சுருக்கமாக இருந்தது. பதிவு முழுமையானபோது நினைவுக்கு வயது பதினொரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்து முரண்பாடு தேடுபவர்கள், எது சாட்சியின் முரண், எது நடைமுறையின் முரண் என்று பிரிக்கவே முடியாது.

அடுத்த மாதம் அந்த இரவைச் சம்பவ இடத்திலேயே நடித்துக் காட்டச் சொல்லி நண்பர்களை போர்ச்சுகல் அழைத்தது. சிலர் வர மறுத்தார்கள், நிகழ்வு கைவிடப்பட்டது. கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஜூலை 21-இல் வழக்கு கிடப்பில் போடப்பட்டது. வர மறுத்த நண்பர்களுக்கு மாறாக, அன்றிரவு ஒரு குழந்தையைத் தூக்கிச் சென்ற ஆணைப் பார்த்ததாகச் சொன்ன அயர்லாந்துக் குடும்பத்தினர் சிலர், 2007 மே மாத இறுதியில் தாங்களாகவே விமானம் ஏறித் திரும்பி வந்து வாக்குமூலம் தந்திருந்தார்கள். மாதக்கணக்கில் ஆகக்கூடிய வேலை ஒரு குடும்பத்தின் நல்லெண்ணத்தால் விரைவில் முடிந்தது.

சட்டம் இதற்குள் ஓரளவு நகர்ந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000 மே உடன்படிக்கை பழைய விதியைத் தலைகீழாக்கியது. தன் அடிப்படைச் சட்டக் கொள்கைகளுக்கு முரணில்லாதவரை, கேட்கும் நாடு குறிப்பிடும் முறைகளைக் கேட்கப்பட்ட நாடு பின்பற்ற வேண்டும் என்றது. காணொலி வழி விசாரணைக்கும் இடம் தந்தது. பின்னர் 2014-இல் வந்த ஐரோப்பியப் புலனாய்வு ஆணை, வேண்டுகோளின் இடத்தில் உத்தரவை வைத்தது. ஏற்பதற்கு 30 நாள், நிறைவேற்ற 90 நாள் எனக் கெடுவும் விதித்தது. 90 நாள் என்பது ஊழல் வழக்குக்கு வேகம். காணாமல் போன குழந்தைக்கு அது மிக நீண்ட காலம். முதல் வாரத்துச் சாட்சிகளுக்கென்று தனியான, நாட்கணக்கிலான வழி ஒன்று இன்றுவரை இல்லாதது பெரிய குறை.

2011-இல் லண்டன் பெருநகரப் போலீஸ் தன் மறுஆய்வைத் தொடங்கியபோது நிலைமை திரும்பியது. இப்போது கேட்க வேண்டியவர்கள் பிரிட்டிஷார். கைப்பேசித் தரவுகளுக்காக மட்டுமே ஏறத்தாழ 30 நாடுகளுக்கு வேண்டுகோள்கள் போயின. 2014 ஜூலையில் ஃபாரோ நகரில் நால்வரை விசாரித்தபோது கேள்விகளை எழுதியவர்கள் லண்டன் துப்பறிவாளர்கள். வாய்விட்டுக் கேட்டவர்கள் போர்ச்சுகல் போலீஸார். எதிர்பாராத ஒரு பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறப்பதுதான் விசாரணையின் உயிர். அந்த அடுத்த கேள்வியைக் கேட்க முடியாமல், ஆறு ஆண்டுகளுக்கு முன் ரெபெலோ உட்கார்ந்ததுபோலவே லண்டன் துப்பறிவாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ஜெர்மனி முன்னால் வந்தது. 2020-இல் பிரவுன்ஷ்வைக் அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஜெர்மானியர் ஒருவரைச் சந்தேகிப்பதாக அறிவித்தது. அவர் தரப்பு அதை மறுத்துவருகிறது. 2025 ஜூனில் பிரையா த லூஸ் அருகே நடந்த தேடல், அந்த அலுவலகம் பிறப்பித்த ஐரோப்பியப் புலனாய்வு ஆணையின் கீழ் நடந்தது. ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரிட்டனுக்கு அந்த ஆணை இப்போது கிடையாது. மிஞ்சியிருப்பது வேண்டுகோள் கடிதம். வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிருந்த அந்த மனிதர் 2025 செப்டம்பரில் விடுதலையாவதற்கு முன், லண்டன் போலீஸ் அவரிடம் பேச அத்தகைய கடிதத்தை அனுப்பியது. அவர் பேச மறுத்துவிட்டார் என்பதைப் போலீஸே பிறகு தெரிவித்தது.