ஏதென்ஸ் நகரின் அயலார்

ஏதென்ஸ் மக்களாட்சியைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம், அந்நகரில் குடியேறி வாழ்ந்த அயலாரின் நினைவே எனக்கு முதலில் எழும். 'மெட்டிக்' எனப்பட்ட அவர்கள் அங்கே தங்கித் தொழில் புரிவதற்குக் குடிமகன் ஒருவனைப் புரவலனாகக் கொண்டு, பெயரைப் பதிந்து, ஆண்டுதோறும் 12 டிராக்மா வரி செலுத்த வேண்டும். கைத்தொழிலாளி ஒருவனுக்கு அஃது ஏறத்தாழப் பன்னிரண்டு நாட் கூலி. பெருந்தொகையன்று, ஆயினும் செலுத்தத் தவறியவனை அடிமையாக விற்கவும் சட்டம் இடந்தந்தது. போருக்குச் செல்ல வேண்டும். ஆனால் நிலம் வாங்கவோ வாக்களிக்கவோ இயலாது. அரிஸ்டாட்டிலும் இத்தகைய அயலாரே என்றால் வகுப்பில் எவரும் நம்பமாட்டார்!

பெரிக்ளீஸ் அழைத்ததனால் சைரக்யூஸிலிருந்து வந்து குடியேறியவர் கெபாலஸ். அவருடைய புதல்வர்கள் கேடயத் தொழிற்கூடம் நடத்திச் செல்வராயினர். கி.மு. 404-இல் ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர் குழு அச்செல்வத்தைப் பறித்தது. மூத்தவர் பொலிமார்க்கஸை நஞ்சருந்தச் செய்து கொன்றது. இளவல் லிசியாஸ் மெகாராவுக்குத் தப்பியோடினார். மக்களாட்சியை மீட்கப் போராடியவர்களுக்குப் பணமும் 200 கேடயங்களும் அளித்தார். வெற்றிக்குப்பின் அவருக்குக் குடியுரிமை வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. பின்னர், முறைப்படி கொண்டுவரப்படவில்லையென்று அதனையே நீக்கிவிட்டனர். முறை பிசகியதாம்! அவர் கொடுத்த கேடயங்களில் எவரும் பிசகு காணவில்லை.

வழக்குமன்றத்தில் ஏதென்ஸ் குடிமக்கள் பேசவேண்டிய உரைகளை எழுதிக் கொடுத்தே லிசியாஸ் எஞ்சிய நாட்களைக் கழித்தார். இறக்கும்வரை அயலாராகவே இருந்தார்.