விளையாட்டுத் திரைப்படங்களில் கதைகூறும் குரல்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

விளையாட்டுப் போட்டி ஒருமுறைதான் நிகழ்கிறது. அதைப் பற்றிய திரைப்படமோ போட்டியின் முடிவு பலருக்கும் தெரிந்துவிட்ட பின்னரே பார்வையாளரை வந்தடைகிறது. எனவே, வென்றவர் யார் என்னும் ஒரே வினாவை நம்பி அப்படம் கதை சொல்ல இயலாது. எதை முன்னர்ச் சொல்வது, எதைச் சற்றுநேரம் மறைத்து வைப்பது, யார் வாயிலாகச் சொல்வது என்னும் மூன்று தெரிவுகளைக் கொண்டே அதன் கதைக்கட்டு அமைகிறது. முதலிரண்டும் படத்தொகுப்பைச் சார்ந்தவை. மூன்றாவது மொழியைச் சார்ந்தது. ஆதலின் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தில் கொள்ளத்தக்கது.

விளையாட்டு ஆவணப்படங்களிலும் வெகுமக்கள் திரைப்படங்களிலும் கதைகூறும் குரல் எவ்வாறு மாறிவந்துள்ளது என்பதை 1938 முதல் 2016 வரை வெளிவந்த சில படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மாற்றம் மொழிபெயர்ப்பாளர்மேல் சுமத்தும் பொறுப்பு இறுதியில் சுட்டப்படுகிறது.

2. ஒற்றைக் குரல்: 'ஒலிம்பியா'

1936ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளை லெனி ரீஃபென்ஷ்டால் படமாக்கினார். நாஜி அரசின் பணத்தில் உருவான 'ஒலிம்பியா' இரு பகுதிகளாக அமைந்து, 1938 ஏப்ரல் 20 அன்று, ஹிட்லரின் பிறந்தநாளில், பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள படச்சுருளிலிருந்து தேர்ந்து தொகுக்கப்பட்ட படம் இது. ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகளுக்குத் தனித்தனி வடிவங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றிடையே வருணனை மட்டுமன்றிக் காட்சித் தெரிவும் சிற்சில இடங்களில் வேறுபடுகிறது. ஆகவே, பன்மொழி வெளியீடு என்பது ஒரே படத்தின்மேல் வேறு மொழியை ஒட்டவைப்பதாக அன்று தொடங்கவில்லை. மொழிதோறும் ஒரு படம் என்பதாகவே தொடங்கியது எனலாம்.

இப்படத்தின் வருணனை நிகழ்காலத்தில் அமைந்தது. வானொலி வருணனையாளர் போட்டிக் களத்தில் நின்று பேசுவதுபோல் அது ஒலிக்கிறது. ஆயினும் அது பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. 'ஓடுகிறார்', 'முந்துகிறார்' என்னும் வினைமுற்றுகள் நிகழ்வின் காலத்தைக் குறிக்கவில்லை. பார்வையாளர் படத்தைக் காணும் காலத்தையே குறிக்கின்றன. முடிவு தெரிந்த ஒருவர் தெரியாதவர்போல் பேசும் இந்த நடிப்பு நிகழ்காலமே, பிற்காலத்தில் விளையாட்டுப் படங்கள் பலவற்றின் மொழியாக நிலைபெற்றது.

காட்சிகளிலும் இத்தகைய நடிப்பு உண்டு. கோலூன்றித் தாண்டும் போட்டி இருட்டிய பின்னரும் நீண்டதால் போதிய ஒளியின்றிப் படமெடுக்க இயலாமற் போயிற்று. பின்னர் அதே வீரர்களை மீண்டும் தாண்டச் செய்து அக்காட்சிகள் எடுக்கப்பட்டன. வீரர்களும் தாண்டலும் உண்மை. ஆனால் திரையில் காணும் தாண்டல் போட்டியில் நிகழ்ந்த தாண்டலன்று. மாரத்தான் ஓட்டத்தில் ஓடுபவரின் கண்வழியே சாலையும் கால்களும் நிழலும் காட்டப்படும் பகுதிக்கு, பயிற்சியின்போது வீரர்கள் தம் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சிறு படப்பிடிப்புக் கருவிகள் உதவின. இப்பகுதியில் வருணனை அடங்கி இசை மேலோங்குகிறது. வெளியிலிருந்து பேசும் குரல் ஓடுபவரின் உள்ளத்துள் புக இயலாத இடத்தில் விலகிக்கொள்கிறது. அவ்விடத்தை உடலின் இயக்கம் நிரப்புகிறது.

3. பெயரும் ஒலிப்பும்

அந்த மாரத்தானில் 2 மணி 29 நிமிடம் 19.2 நொடியில் ஓடி வென்றவர் கொரியாவைச் சேர்ந்த சோன் கீ-சுங். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. எனவே அவர் ஜப்பானிய அணியில், 'கிட்டெய் சோன்' என்னும் பெயரில் ஓடினார். மூன்றாமிடம் பெற்ற நாம் சுங்-யோங்கும் கொரியரே. அவர்களுக்காக ஏற்றப்பட்டது ஜப்பானியக் கொடி. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே கொரிய நாளிதழான 'தோங்-ஆ இல்போ', சோனின் படத்தில் மார்பிலிருந்த ஜப்பானியக் கொடியை அழித்து வெளியிட்டது. அதன் விளைவாக அவ்விதழ் முடக்கப்பட்டது.

'கீ-சுங்', 'கிட்டெய்' ஆகியன முற்றிலும் வேறான இரு பெயர்கள் அல்ல என்பது மொழியியல் நோக்கில் முதன்மையானது. இரண்டும் ஒரே சீன எழுத்துகளின் இருவேறு ஒலிப்புகள். அவ்வெழுத்துகளைக் கொரியர் படித்தால் ஒரு பெயர்; ஜப்பானியர் படித்தால் மற்றொரு பெயர். தாளில் அவ்வெழுத்துகளால் எழுதியிருக்கும் வரையில் அப்பெயர் எந்த நாட்டுக்குரியது என்பதை எழுத்து காட்டிக்கொடுப்பதில்லை. வாய்திறந்து சொல்லும் கணத்தில் நாடு தீர்மானமாகிவிடுகிறது. பேசும் படம் ஒலிப்பைத் தவிர்க்க இயலாதது. 'ஒலிம்பியா' ஜப்பானிய ஒலிப்பையே ஏற்றது. சோனோ தம் கையொப்பத்தைக் கொரிய எழுத்தில் இட்டார். ஒலிப்பின் உரிமையைப் பறித்தவர்களுக்கு எழுத்தால் அளிக்கப்பட்ட விடை அது.

கொரிய எழுத்தும் தமிழெழுத்தும் ஒலியைக் காட்டும் எழுத்துகள். சீன எழுத்து தரும் நடுநிலை தமிழில் இல்லை. ஆதலின் இப்படத்தைத் தமிழில் பெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும். படத்தின் குரலைப் பின்பற்றினால் 'கிட்டெய்' என எழுதவேண்டும். ஓடியவரைப் பின்பற்றினால் 'கீ-சுங்' என எழுதவேண்டும். முன்னதை மட்டும் எழுதினால் 1936ஆம் ஆண்டின் அரசியல் எவ்வித விளக்கமுமின்றி இன்றைய வாசகரிடம் கடத்தப்படும். பின்னதை மட்டும் எழுதினால் படம் செய்த பிழை மறைந்து, படம் நேர்மையானதுபோல் தோன்றும். வருணனையில் ஒலிப்பதை அப்படியே காட்டி, உரிய பெயரை அடுத்த வரியில் தருவதே தக்க வழி.

4. பதிவா, கலையா: 'டோக்கியோ ஒலிம்பியாட்'

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளைப் படமாக்கும் பொறுப்பு முதலில் அகிரா குரோசவாவை நாடிச் சென்று, பின்னர்க் கோன் இச்சிகாவாவிடம் வந்தது. 1965இல் வெளிவந்த படம் ஏறத்தாழ 170 நிமிடம் ஓடுவது. எழுத்துப் பணியில் நாட்டோ வாடாவுடன் கவிஞர் ஷுன்டாரோ டனிகாவாவும் பங்கேற்றார். போட்டிப் படத்திற்குத் திரைக்கதை எழுதப்பட்டது என்பதே கருதத்தக்க செய்தியாகும். வெல்பவர் யார் என்பது எழுதுவோர் கையில் இல்லை. எதை நோக்கிக் காண்பது என்பது அவர்கள் கையில் இருந்தது.

படம் உதிக்கும் சூரியனுடன் தொடங்குகிறது. அடுத்து, பழைய கட்டடத்தை இடிக்கும் இரும்புக் குண்டு தோன்றுகிறது. நெடுந்தொலைவுக் கண்ணாடிகளின் வழியே தசையின் துடிப்பும் முகத்தின் களைப்பும் காட்டப்படுகின்றன. 1960இல் விடுதலை பெற்ற சாட் நாட்டிலிருந்து வந்த ஓட்டக்காரர் அகமது ஈசா பதக்கம் எதுவும் பெறவில்லை. ஆயினும் அவருடைய தனிமைக்குப் படம் தனியே இடம் ஒதுக்குகிறது. வென்றோரை வரிசைப்படுத்தும் செய்திப்பட மரபிலிருந்து இது தெளிவாக விலகியது.

முன்னோட்டக் காட்சியைக் கண்ட அமைச்சர் இச்சிரோ கோனோ அதிருப்தி தெரிவித்தார். போட்டியின் முறையான பதிவு வேண்டும் என்பது அவர் தரப்பு. 'பதிவா, கலையா' என்னும் விவாதம் ஜப்பானிய இதழ்களில் எழுந்தது. நடிகை ஹிடெகோ டகாமினே படத்தின் பக்கம் நின்று பேசினார். கலை என்பாரும் பதிவு என்பாரும் படத்தில் நிகழ்ந்ததைப் பற்றி வாதிடவில்லை; நிகழ்ந்தவற்றுள் சொல்லத்தக்கது எது என்பதைப் பற்றியே வாதிட்டனர். விவாதம் ஒருபுறமிருக்க, ஆங்கில வருணனையுடன் அமெரிக்காவில் வெளியான வடிவம் சுமார் 93 நிமிடமாகக் குறுக்கப்பட்டது. மௌனமாக விடப்பட்ட இடங்களை வேற்றுமொழிப் பார்வையாளருக்காகப் பேச்சால் நிரப்புவதும், நீளத்தைக் குறைப்பதும் மொழிபெயர்ப்பின் பெயரால் நிகழ்ந்த மறுதொகுப்பே ஆகும்.

5. சாட்சிக் குரல்கள்

ஒற்றை வருணனைக்கு மாற்றாகப் பலருடைய நினைவுகூரலை அடுக்கும் முறை பிற்காலத்தில் வலுப்பெற்றது. 1974 அக்டோபர் 30 அன்று, அன்றைய ஜையரின் தலைநகர் கின்ஷாசாவில் முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதைப் பற்றிய 'வென் வீ வேர் கிங்ஸ்' படத்தை லியோன் காஸ்ட் முடித்து வெளியிட 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த 22 ஆண்டு இடைவெளியே படத்தின் கதைக்கட்டாயிற்று. 1974இன் காட்சிகள் நிகழ்காலமாக ஓட, அன்று களத்திலிருந்த எழுத்தாளர்கள் நார்மன் மெய்லரும் ஜார்ஜ் பிளிம்ப்டனும் இறந்தகாலத்தில் பேசுகின்றனர். முடிவு தெரிந்தவராகவே அவர்கள் பேசுவதால், 'ஒலிம்பியா'வின் நடிப்பு நிகழ்காலம் இங்குத் தேவைப்படவில்லை.

எனினும் இங்கும் ஒரு குறைவு உண்டு. நேர்காணல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் பேசும் அமெரிக்கருக்கு உரியது. கின்ஷாசா மக்கள் பெரும்பாலும் கூட்டமாகவே கேட்கப்படுகின்றனர். அக்கூட்டத்தின் முழக்கமான 'அலி, போமா யே' லிங்காலா மொழித் தொடர். 'போமா' என்பது 'கொல்' என்னும் ஏவல்; 'யே' என்பது படர்க்கை ஒருமைப் பெயர்; ஆண், பெண் வேறுபாடு காட்டாதது. தமிழிலோ 'அவனை', 'அவளை', 'அவரை' ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்ளாமல் இத்தொடரைப் பெயர்க்க இயலாது. பாலை மட்டுமன்றி மதிப்பையும் தமிழ் கேட்கிறது. 'அவனைக் கொன்றுபோடு' என்றால் முழக்கத்தின் வேகம் கிடைக்கிறது; அதனுடன் லிங்காலாவில் இல்லாத இழிவுக் குறிப்பும் சேர்கிறது. 'அவரை வீழ்த்து' என்றால் அம்முழக்கம் மரியாதைக்குரிய வேண்டுகோளாகத் தேய்கிறது. முழக்கத்தை ஒலிபெயர்த்துப் பொருளை ஒருமுறை மட்டும் தந்து, பின்னர் ஒலியையே தொடரவிடுவது இவ்விடத்திற்கு ஏற்றதாகும். முழக்கம் பொருளால் மட்டுமன்றித் தாளத்தாலும் வாழ்வது.

2010இல் வெளிவந்த ஆசிஃப் கபாடியாவின் 'சென்னா' இன்னொரு படி சென்றது. 1994 மே 1 அன்று இமோலாவில் உயிரிழந்த பிரேசில் நாட்டுக் காரோட்ட வீரர் அயர்டன் சென்னாவைப் பற்றிய இப்படத்தில் வருணனையாளர் இல்லை. புதிதாக எடுக்கப்பட்ட நேர்காணல்களில் பேசுவோரின் முகமும் காட்டப்படுவதில்லை. பழைய காட்சிகளின்மேல் குரல் மட்டும் ஒலிக்கிறது; பேசுபவர் பெயர் திரையில் எழுத்தாக வருகிறது. போர்ச்சுகீசியமும் ஆங்கிலமும் மாறிமாறி வரும் இத்தகைய படத்தை ஒரே மொழிமாற்றுக் குரலில் பெயர்த்தால், சொந்த மொழியில் பேசும் சென்னாவுக்கும் அயல்மொழியில் பேசும் சென்னாவுக்கும் உள்ள வேறுபாடு முற்றாக அழியும்.

6. புனைவுப் படங்களில் அறிதலின் நேரம்

உண்மை நிகழ்வைத் தழுவிய வெகுமக்கள் படங்கள் நிகழ்ச்சிகளைக் காட்டிலும் அவை அறியவரும் நேரத்தையே மிகுதியும் மாற்றுகின்றன. ஹியூ ஹட்சன் இயக்கிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்தில், 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிறன்று நடைபெறும் என்பதை எரிக் லிடெல் கப்பலேறும்போது அறிகிறார். உண்மையில் அவர் அதைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்து, 400 மீட்டர் ஓட்டத்திற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். நீண்ட காலம் எண்ணி எடுத்த முடிவு திரையில் நெருக்கடிக் கணமாகச் சுருங்குகிறது. அவருடைய நம்பிக்கை மாறவில்லை. ஆனால் அந்நம்பிக்கையின் இயல்பு மாறிவிடுகிறது.

2016இல் வெளிவந்த இந்திப் படமான 'தங்கல்' இதே உத்தியை வேறுவகையில் ஆள்கிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெறும்போது தந்தை ஓர் அறையில் அடைக்கப்படுகிறார். நாட்டுப்பண் ஒலிப்பதைக் கேட்டே மகளின் வெற்றியை அறிகிறார். உண்மையில் அத்தகைய அடைப்பு நிகழவில்லை. கீதா போகாட்டின் வெற்றியும் திரையில் காட்டப்படும் அளவுக்கு இழுபறியானதன்று. காட்சியை மறைத்து ஒலியால் முடிவை அறிவிப்பது கதைக்கலையில் சிறந்த உத்தியே. ஆனால் உண்மைப் பெயர்களைத் தாங்கிய படத்தில், அடைத்துவைத்தவர் என்னும் பழி கதைக்கு வெளியே வாழும் பயிற்சியாளர்களையும் தொடக்கூடும். அரியானா வட்டாரப் பேச்சு இப்படத்தில் கதைமாந்தரின் ஊரையும் நிலையையும் உணர்த்துகிறது. பொதுத்தமிழில் பெயர்த்தால் அக்குறிப்பு நீங்கும், தமிழ் வட்டார வழக்கொன்றில் பெயர்த்தால் அரியானாவே நீங்கும். அதே 2016இல் சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று' படத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒருங்கே உருவாக்கினார். மொழிதோறும் ஒரு படம் என்னும் 1938ஆம் ஆண்டின் முறை, வேறு நோக்கங்களுடன் இந்தியச் சூழலில் தொடர்வதை இது காட்டுகிறது.

7. முடிவுரை

ஒற்றைக் குரலிலிருந்து பல குரல்களுக்கும், அங்கிருந்து முகமற்ற குரல்களுக்கும் விளையாட்டுப் படம் நகர்ந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் பேசும் உரிமை யாருக்கு என்பதே அடிப்படை வினாவாக இருந்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் இவ்வரிசையில் இறுதியாக வரும் படத்தொகுப்பாளர் ஆவார். நிகழ்வின்போது பேசப்பட்டதையும் பின்னர்ப் பேசப்பட்டதையும் வினைமுற்றின் காலத்தால் பிரித்துக் காட்டுதல், பெயர்களின் ஒலிப்பில் மறைந்துள்ள அதிகாரத்தைப் புலப்படுத்துதல், படம் மௌனம் காக்கும் இடத்தில் தாமும் மௌனம் காத்தல் ஆகிய மூன்றும் அவருக்குரிய கடமைகளாகக் கொள்ளத்தக்கன.

1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், எழுபது வயதைக் கடந்த சோன் கீ-சுங் கொரியராகவே சுடரேந்தி அரங்கினுள் ஓடிவந்தார். 1992 ஆகஸ்டு 9 அன்று, அவர் பெர்லினில் வென்ற அதே நாளில், பார்சிலோனா மாரத்தானைத் தென்கொரியாவின் ஹ்வாங் யோங்-சோ வென்றார். 2002இல் சோன் மறைந்தார். 'ஒலிம்பியா' திரையிடப்படும் போதெல்லாம் அவர் இன்றும் கிட்டெய் சோனாகவே ஓடிக்கொண்டிருக்கிறார். படத்தின் குரலை இனி மாற்றுவதற்கில்லை. அதன் கீழே எழுதப்படும் வரியை மாற்ற இயலும்.