கட்டணச்சாவடியில் காத்திருந்த லொறிகள்: சிம்யூலா மொழியின் கதை

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு தனியார் வகுப்பில் ஜாவா படித்தேன். முதல் வாரமே 'பொருள்நோக்கு செய்நிரலாக்கத்தின் நான்கு தூண்கள்' என்று குறிப்புச் சொல்லி எழுதவைத்தார்கள். மிருகம் ஒரு வகுப்பு, நாய் அதன் உபவகுப்பு, நாய் குரைக்கும். மனப்பாடம் செய்து சித்தியும் அடைந்தேன். கணினிக்குள் நாய் எதற்குக் குரைக்க வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஊடகக் கற்கை முடித்து, எழுத்தே பிழைப்பான பிறகு, தொழிற்சங்கங்களும் தொழில்நுட்பமும் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் விடை அகப்பட்டது. கதை நாயில் தொடங்கவில்லை. கியூவில் தொடங்கியது.

கிறிஸ்டென் நிகோர்ட், ஓலே யொஹான் டால் இருவரும் 1950களில் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை எங்கே தேங்குகிறது, ஓர் இயந்திரத்தைக் கூட்டினால் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்பவை நிகோர்டின் துறைக்குரிய கேள்விகள். சூத்திரம் போட்டு இவற்றுக்கு இலகுவில் விடை காண முடியாது. தொழிற்சாலையையே கணினிக்குள் பாவனை செய்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற மொழி கையில் இல்லை. 1960இல் ஒஸ்லோவிலுள்ள நோர்வே கணினி மையத்துக்கு மாறிய நிகோர்ட், டாலுடன் சேர்ந்து அதை உருவாக்கத் தொடங்கினார். யுனிவாக் நிறுவனத்துக்கு இந்த மொழியின் தொகுப்பானை எழுதிக் கொடுப்பதாகப் பேசி, அதன் 1107 கணினியை விலைக்கழிவுடன் மையத்துக்குப் பெற்றுக்கொண்டார்கள். அல்கோல் 60 மொழியின் மீது கட்டப்பட்ட 'சிம்யூலா 1' 1965 அளவில் பாவனைக்கு வந்தது.

அக்காலத்து மொழிகளில் தரவு ஒரு பக்கம், கட்டளைகள் இன்னொரு பக்கம். வாடிக்கையாளர் என்றால் அட்டவணையில் சில எண்கள்தான். சிம்யூலாவில் அந்த வாடிக்கையாளர் தன் விபரங்களையும் தான் செய்ய வேண்டியவற்றையும் தன்னோடு வைத்திருக்கும் ஒரு தனி உரு. வருவார், வரிசையில் நிற்பார், தன் முறை வரும்வரை உறங்குவார், எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அடுத்த சிக்கல் ஒரு பாலத்தின் கட்டணச்சாவடி. லொறியும் வரிசையில் நிற்கிறது, பஸ்ஸும் நிற்கிறது. ஒன்றில் சரக்கு, மற்றதில் பயணிகள். வரிசையில் நிற்கும் விதம் மட்டும் ஒன்றுதான். அதை இரண்டு தடவை எழுதுவானேன்? டோனி ஹோர் முன்வைத்திருந்த 'பதிவு வகுப்பு' என்ற யோசனையும் துணைக்கு வந்தது. பொதுவான பகுதியை ஒருமுறை எழுதி, லொறிக்கும் பஸ்ஸுக்கும் முன்னொட்டாகச் சேர்க்கலாம் என்பது 1966 - 67 குளிர்காலத்தில் பிடிபட்டது. என் வகுப்பில் 'மரபுரிமை' என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். நாயைவிட இந்த லொறியைச் சொல்லித் தந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கியிருக்கும்.

1967 மே மாதம் ஒஸ்லோவுக்கு அருகே நடந்த மாநாடொன்றில் சிம்யூலா 67 அறிமுகமானது. கிளாஸ், நியூ, திஸ், வேர்ச்சுவல் என இன்று சி பிளஸ் பிளஸ் எழுதுபவர் தட்டச்சும் சொற்கள் அதிலேயே இருந்தன. ஆனால் ஒரு பொருளின் உட்தரவை வெளியாரிடமிருந்து மறைக்கும் வசதி அப்போது இல்லை. அது 1970களில் சேர்ந்தது. ஆக, நான்கு தூண்களும் ஒரே நாளில் நாட்டப்படவில்லை.

அமெரிக்காவில் அலன் கே சிம்யூலாவைப் படித்துப் பார்த்தே ஸ்மோல்டோக்கை நோக்கி நகர்ந்தார். 'பொருள்நோக்கு' என்ற பெயரும் அவர் வைத்ததே. கேம்பிரிட்ஜில் ஆய்வுக்காக சிம்யூலாவைப் பயன்படுத்திய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப்புக்கு அதன் ஒழுங்கு பிடித்தது, வேகம் பிடிக்கவில்லை. 1979இல் சி மொழிக்குள் வகுப்புகளைக் கொண்டுவந்தார். அதுவே சி பிளஸ் பிளஸ் ஆனது.

என்னைப் பிடித்துவைத்தது இதற்குப் பிந்திய பகுதி. கணினிக்குள் ஒரு தொழிலாளியை உருவாக்கும்போது அவரைப் பற்றி எதை எழுதுவது, எதை விடுவது? இன்று கைபேசியில் நாம் அழைக்கும் முச்சக்கரவண்டிச் சாரதியும் யாரோ ஒருவர் வரையறுத்த வகுப்பொன்றின் பொருளாகவே அந்தச் செயலிக்குள் இருக்கக்கூடும். இருப்பிடம் உண்டு, புள்ளி உண்டு. அவரது முதுகுவலிக்கு அங்கே இடமிருக்குமா?

நிகோர்ட் இதை 1960களின் இறுதியிலேயே யோசித்தார். தன் மொழி வேலைத்தலங்களை மாற்றியமைக்கப் பயன்படுகிறது, அந்த மாற்றம் தொழிலாளரின் அறிவையும் சுதந்திரத்தையும் குறைக்கும் பக்கம் போகிறது என்று அஞ்சினார். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து ஓர் ஆய்வுத்திட்டத்தில் இறங்கினார். ஆய்வாளர்கள் எழுதிக் குவிக்கும் அறிக்கைகளை அங்கே பெறுபேறாகக் கணக்கெடுக்கவில்லை. சங்கக் கிளைகள் தாமே எடுக்கும் நடவடிக்கைதான் பெறுபேறு.

அதன் தொடர்ச்சியாக, 1975இல் தேசிய மட்டத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிமார் சம்மேளனமும் ஓர் உடன்படிக்கை செய்தன. கணினி முறைமைகளைக் கவனிக்கத் தொழிலாளர் தமக்கென ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யலாம் என்றானது.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது டாலுக்கும் நிகோர்டுக்கும் கிடைத்தது. அடுத்த வருடம் ஜூனில் டால் காலமானார், ஆகஸ்டில் நிகோர்ட். 1975 உடன்படிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது: கணினி முறைமை பற்றிய தகவலை, அத்துறை தெரியாதவருக்கும் விளங்கும் மொழியில் நிர்வாகம் கொடுக்க வேண்டும்.