உலகைச் சுற்றும் படகுகளைக் கட்டும் இந்தியாவில் அவற்றை நிறுத்தத் துறை இல்லை

கோவாவின் திவார் தீவிலுள்ள படகுக் கட்டுத்தளத்தில் உருவான ‘தாரிணி’ என்ற 56 அடி நீளப் பாய்மரப் படகு இதுவரை இரண்டு முறை உலகைச் சுற்றி வந்துள்ளது. 2017-18-ஆம் ஆண்டில் கடற்படையைச் சேர்ந்த ஆறு பெண் அதிகாரிகள் அதைச் செலுத்தினர். 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் திரும்பிய இரண்டாவது பயணத்தில் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இருவர் மட்டுமே படகில் இருந்தனர். இத்தகைய கலங்களை உள்நாட்டிலேயே கட்டும் திறன் இருந்தும், பொழுதுபோக்குப் படகுத் தொழில் இந்தியாவில் இன்னும் சிறு வட்டத்தைத் தாண்டவில்லை.

இத்திறன் புதியதும் அன்று. எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்ற பெருமையை 1969-இல் பெற்ற பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’, 1960-களில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகாகும். 2009-இல் கடற்படையில் சேர்ந்த ‘மாதேய்’ படகும் கோவாவில் கட்டப்பட்டதே. அதில்தான் திலீப் தோந்தே தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். பின்னர் 2012-13-இல் அபிலாஷ் டோமி அதே படகில் எங்கும் நில்லாமல் சுற்றி முடித்தார்.

ஆனால் இப்படகுகள் பெரும்பாலும் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. தனியார் ஒருவர் இதேபோன்ற படகை வாங்க முன்வந்தால் முதலில் எழும் கேள்வி விலையைப் பற்றியது அன்று, அதை எங்கே நிறுத்துவது என்பதே. மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே தனியார் படகுகள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கின்றன. உரிமையாளர் சிறு படகில் ஏறிச் சென்றே தம் படகை அடைய வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்தில் அந்த இடமும் பாதுகாப்பற்றதாகிவிடும். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் படகுகளைக் கரையேற்றியோ உள்கழிக்குக் கொண்டு சென்றோ வைக்க வேண்டியுள்ளது.

மரீனா என்றதும் தமிழ் வாசகர்களுக்குச் சென்னைக் கடற்கரையே நினைவுக்கு வரும். உலக வழக்கில் அச்சொல் படகு நிறுத்தும் துறையைக் குறிக்கிறது. அலைத்தடுப்புச் சுவரால் காக்கப்பட்ட அமைதியான நீர்ப்பரப்பு, அலையோடு ஏறி இறங்கும் மிதவை மேடைகள், குடிநீர், மின்சாரம், எரிபொருள், படகைக் கரைக்குத் தூக்கும் பளுதூக்கி, பழுதுபார்க்கும் களம் ஆகியவை சேர்ந்ததே ஒரு மரீனா. வேலைவாய்ப்பும் இங்கேதான் பிறக்கிறது. ஒரு படகு கட்டப்படுவது ஒருமுறை. அதன் அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டி வண்ணம் பூசுவதும், பாய் தைப்பதும், இயந்திரம் பழுதுபார்ப்பதும் ஆண்டுதோறும் தொடரும் பணிகள். படகு நிற்கும் ஊருக்கே அந்த வருமானம் போய்ச் சேரும். 1987-இல் வரியற்ற தீவாக அறிவிக்கப்பட்ட மலேசியாவின் லங்காவியில் வெளிநாட்டுப் படகுகள் நின்று பழுதுபார்த்துச் செல்லும் வழக்கம் வேரூன்றியுள்ளது.

இந்தியாவில் அத்தகைய முயற்சி கொச்சியில் நடந்தது. போல்காட்டித் தீவில் 2010-இல் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தொடங்கிய பன்னாட்டு மரீனாவில் நாற்பதுக்கும் குறைவான படகுகளுக்கே இடமுண்டு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து செங்கடல் நோக்கிச் செல்லும் நெடும்பயணப் படகுகளுக்கு கொச்சி இயல்பான தங்கல். எனினும், காயல் முகத்துவாரங்களில் வண்டல் படிவது ஓயாது. தூர்வாருவதற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்காமல் துறையை மட்டும் கட்டிவைப்பதில் பயனில்லை.

இதற்கு மாறான சான்றும் கேரளத்திலேயே உண்டு. நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் சாலைப் போக்குவரத்து வந்ததும் தொழிலிழந்தன. பின்னர் ஆலப்புழையில் படகு வீடுகளாகப் புதுப்பிறவி எடுத்தன. நிறுத்துவதற்குக் காயல் கரை இருந்தது, கயிற்றால் பலகைகளைப் பிணைக்கத் தெரிந்த தச்சர்கள் இருந்தனர். தொழில் தானாகவே வளர்ந்தது. கண்காணிப்பு பின்தங்கியதால் கழிவுநீரும் எண்ணெயும் வேம்பநாட்டுக் காயலில் கலந்தது அந்த வளர்ச்சியின் மறுபக்கம்.

வரிவிதிப்பு அடுத்த தடை. 28 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியும் 3 சதவீத இழப்பீட்டு வரியும் செலுத்திவந்த உல்லாசப் படகுகள், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிக் கலங்களுக்கும் வரி 5 சதவீதமே. செல்வந்தரின் ஆடம்பரத்துக்குக் கூடுதல் வரி என்பது புரிந்துகொள்ளக் கூடிய வாதம். ஆனால் அந்த வகைப்பாடு ‘பொழுதுபோக்கு அல்லது விளையாட்டுக்கான பிற கலங்கள்’ என்பதையும் உள்ளடக்கியுள்ளது. துடுப்புப் படகுகளுக்கு மட்டும் வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஹாங்சோ ஆசியப் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் நேஹா தாக்கூர் வெள்ளியும், விஷ்ணு சரவணன், இபாத் அலி ஆகியோர் வெண்கலமும் வென்ற பின்னரும், பாய்மரப் பயிற்சிப் படகையும் கோடீஸ்வரரின் சொகுசுக் கலத்தையும் ஒரே பட்டியலில் வைப்பது பொருத்தமற்றது.

பாதுகாப்பை ஒதுக்கிவிட்டு இத்துறையின் வளர்ச்சியைப் பேச இயலாது. 2023 மே 7-ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகு ஒன்றை மாற்றியமைத்துச் சுற்றுலாவுக்கு விட்டிருந்தனர். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், பதிவுக்கும் ஆய்வுக்கும் நாடு முழுவதும் ஒரே சீரான விதிகளை வகுத்திருந்தும் இது நேர்ந்தது. விதியைவிட, துறையில் நின்று படகைச் சோதிக்கும் ஆய்வாளர்களின் தேவையே அதிகம்.

மீனவர்களின் அச்சமும் நியாயமானது. அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் அதன் ஒருபுறம் மணல் சேரும், மறுபுறம் கரை அரிக்கப்படும். வலை உலர்த்தும் மணற்பரப்பையும் படகை இழுத்து வைக்கும் கரையையும் இழப்பவர்கள் மீனவர்களே. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ் மரீனாவுக்கு அனுமதி கோரும்போது, இடத்தேர்வுக்கு முன்பே அவர்களுடன் பேசுவதும், பளுதூக்கி, பழுதுபார்க்கும் களம், எரிபொருள் நிலையம் ஆகியவற்றில் மீன்பிடிப் படகுகளுக்கும் பங்கு அளிப்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். கண்ணாடி இழைப் படகை ஒட்டிச் சீர்செய்யும் கைத்திறன் இரு தரப்புக்கும் பொதுவானது. அதைக் கற்ற இளைஞர்கள் மீனவக் குடியிருப்புகளில் ஏற்கெனவே இருக்கின்றனர்.