பூமாலையின் எடை

1987 ஜூன் 4 ஆம் திகதி மாலை. ஹெந்தளையில் எங்கள் வீட்டு வானொலியின் ஒலியைக் குறைத்துவைத்து அனைவரும் அருகே அமர்ந்திருந்தோம். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளை வீசிச் சென்றன என்ற செய்தியைக் கேட்டதும் அம்மா கண்கலங்கினார். அவருடைய தமக்கையின் குடும்பம் வடமராட்சியில் இருந்தது. அப்பாவோ எழுந்து சென்று முன்கதவைத் தாழிட்டார். "விமானம் திரும்பிப் போய்விடும். நாங்கள் இங்கேதான் இருக்க வேண்டும்" என்றார். 1983 ஜூலையைக் கண்ட கொழும்புத் தமிழருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே குடாநாட்டிற்கு எரிபொருள் தடை விதிக்கப்பட்டிருந்தது. மே 26 இல் வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' இராணுவ நடவடிக்கை ஆரம்பமாயிற்று. ஜூன் 3 இல் நிவாரணப் பொருட்களுடன் இராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாள், மிராஜ் போர் விமானங்கள் துணைவர, ஐந்து அன்ரனோவ் விமானங்கள் பெங்களூரிலிருந்து வந்தன. 'பூமாலை' என்பது அந்நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர்.

வீசப்பட்டவை ஏறத்தாழ 25 தொன். பல இலட்சம் மக்களுக்கு அது ஒருவேளை உணவுக்கும் போதாது. ஆனால் அந்தப் பொதிகளின் எடையை அரிசியால் நிறுக்க முடியாது. தமது வான்பரப்பு தமது கையில் இல்லை என்பதை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன உணர்ந்தார். அவர் நம்பியிருந்த மேற்குலக நண்பர்கள் எவரும் துணைக்கு வரவில்லை. எட்டு வாரங்களுக்குள், ஜூலை 29 இல், இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

பின்னர் நடந்ததை வரலாறு அறியும். அமைதி காக்க வந்த படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் ஒக்டோபரில் போர் மூண்டது. அம்மாதம் 21 ஆம் திகதி யாழ். ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையினரால் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டனர். வானத்திலிருந்து பொதிகள் விழுந்து ஐந்து மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 1990 மார்ச்சில் அப்படை திரும்பியபோது, அது தன் தரப்பிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்திருந்தது.

அப்படியாயின் வெளியார் வராதிருப்பதே நலமா? 2008 செப்ரெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவுப்படி ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறியபோது, கிளிநொச்சியில் அவர்களது அலுவலகத்தின் முன் கூடிய மக்கள், போகவேண்டாமென மன்றாடினர். அவர்கள் போனார்கள். அடுத்து வந்த மாதங்களில் தான் தவறியதை ஐ.நா.வின் உள்ளக அறிக்கையே 2012 இல் ஒப்புக்கொண்டது.

2022 பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாட்டு அரிசி கப்பலில் வந்தது. முதற் கப்பலிலேயே 9,000 தொன். தமிழருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் வழங்கவேண்டுமென இங்குள்ள தமிழ்த் தலைவர்கள் கேட்டிருந்தனர், அவ்வாறே வந்தது. அன்று ஹெந்தளையில் எவரும் கதவைத் தாழிடவில்லை.

பெரியம்மாவைப் பல ஆண்டுகளின் பின் சந்தித்தபோது 'பூமாலை' பற்றிக் கேட்டேன். "ஒரு பொதியையும் கண்ணாற் காணவில்லை. விமானச் சத்தம் கேட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடினோம். விழுந்தது குண்டு இல்லையென்று அறிந்தபோது அழுதுவிட்டோம்" என்றார்.

உதவி எவருடைய அரசியலுக்காக வருகிறது என்று நாம் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் குழிக்குள் இருந்தவரின் அந்த அழுகையையும், ஹெந்தளையில் தாழிடப்பட்ட அந்தக் கதவையும் ஒருசேர வைத்தே அக்கணக்கைப் பார்க்க வேண்டும்.