மதுக் குடங்களும் மதீனாவின் இரவுகளும்

ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன தீய பழக்கம் ஒன்றை எவ்வாறு விட்டொழித்தது என்பதற்குச் சான்று தேடுவோர் மதீனாவின் வரலாற்றைத்தான் முதலில் புரட்டுவர். மது விலக்கப்பட்ட அன்று அந்நகரத்துத் தெருக்களில் மது ஆறாக ஓடிய காட்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த ஒரு நாளுக்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உண்மையில் பழக்கம் உடைந்தது அந்த ஆண்டுகளில்தான்.

அறியாமைக் கால அரபுகளுக்கு மது வெறும் பானம் அன்று. விருந்து, கவிதை, வணிகம், சூதாட்டம் அனைத்தும் அதனோடு பின்னிக் கிடந்தன. இரவில் கூடியமர்ந்து கதை பேசும் வழக்கத்திற்கு 'சமர்' என்று தனிப் பெயரே இருந்தது. மதீனாவில் திராட்சை மது குறைவு. செங்காய்ப் பேரீச்சையையும் கனிந்த பேரீச்சையையும் ஊறவைத்துப் புளிக்கச் செய்த மதுவே அங்கு மிகுதி. பேரீச்ச மரம் நிற்கும் வீட்டுக்காரர் மதுவைத் தேடி எங்கும் செல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

இத்தகைய மக்களிடம் எடுத்த எடுப்பிலேயே மது அருந்தாதீர்கள் என்ற கட்டளை இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்றே அவர்கள் கூறியிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தெளிவுபடுத்தியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. சுவர்க்கம், நரகம் பற்றிய வசனங்களே முதலில் இறங்கின; உள்ளங்கள் ஈமானில் நிலைபெற்ற பின்னரே விலக்கல்களும் ஆகுமாக்கல்களும் வந்தன.

மதீனாவில் மது பற்றிக் கேட்டோருக்கு முதலில் கிடைத்த விடை, அதில் பயன்கள் சில உண்டு, எனினும் பாவமே பெரிது என்பதாகும் (2:219). சிலர் அப்போதே விட்டனர். பலர் தொடர்ந்தனர். பின்னர் மஃரிபுத் தொழுகை ஒன்றில் முன்னின்று தொழுவித்தவர் மயக்கத்தில் கிராஅத்தைக் குழப்பினார். போதையுடன் தொழுகையை நெருங்கலாகாது என்ற வசனம் (4:43) அருளப்பட்டது. அதன்பின் தொழுகைக்கு அழைக்கும்போதெல்லாம், போதையில் இருப்பவர் தொழுகைக்கு நெருங்க வேண்டாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டாம் கட்டத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். மது இன்னும் முழுமையாக விலக்கப்படவில்லை. ஆனால் குடிப்பதற்கு நேரம் எங்கே? லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மணி நேரம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் இருந்தாலே அதிகம். குடித்தவர் அதற்குள் தெளிய முடியாது. எஞ்சியவை இரண்டே இடைவெளிகள்: ஒன்று இஷாவுக்குப் பிந்திய இரவு, மற்றது சுப்ஹுக்கும் லுஹருக்கும் இடைப்பட்ட நேரம். சிலர் அவ்விரு வேளைகளில் மட்டுமே குடித்தனர் என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். முற்பகலோ உழைப்பின் நேரம். இரவில் நெடுநேரம் விழித்துக் குடித்தால் சுப்ஹு தவறும். இவ்வாறு, பழக்கத்தின் மீது கைவைக்கும் முன்னர் அந்தப் பழக்கம் வாழ்ந்த நேரத்தின் மீது கைவைக்கப்பட்டது.

எனினும் ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) நடந்த உஹதுப் போரன்று காலையில் மது அருந்திவிட்டுக் களம் புகுந்து ஷஹீதானவர்களும் இருந்தனர். அப்போது விலக்கு முழுமை பெறவில்லை. பழக்கத்தின் வேர் எத்துணை ஆழமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

தெளிவான தீர்ப்பு வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் மீண்டும் மீண்டும் துஆச் செய்தார்கள். அதன்பின் இறங்கியதே மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள். நீங்கள் விலகிக்கொள்ளப் போகிறீர்களா என்ற வினாவுடன் முடியும் அவ்வசனம் ஓதிக் காட்டப்பட்டதும், விலகிக்கொண்டோம் என்றார்கள் உமர் (ரலி). அந்நேரம் அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அபூஉபைதா, உபை இப்னு கஅப் (ரலி) போன்ற பெருமக்களுக்கு இளைஞர் அனஸ் (ரலி) மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மது விலக்கப்பட்டது என்று ஒருவர் வந்து கூறினார். மறுபேச்சில்லை, செய்தி உண்மையா என்று விசாரிக்கவும் இல்லை. எழுந்து சென்று கொட்டிவிடு என்றார் அபூதல்ஹா. கையிலிருந்தது தெருவுக்குப் போயிற்று.

அத்துடன் பாத்திரங்களும் கவனிக்கப்பட்டன. அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனா வந்தபோது சுரைக்குடுவை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த பேரீச்ச அடிமரம், கீல் பூசிய கலம் ஆகியவற்றில் பானம் ஊறவைப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவை விரைவில் புளிக்கச் செய்யும் கலங்கள்; பழைய நினைவைத் தூண்டுபவையும் கூட. பழக்கம் அகன்றபின் பாத்திரங்கள் மீதான அத்தடை நீக்கப்பட்டு, போதை தருவது மட்டுமே விலக்கு என்பது நிலைத்தது. தலையணைக்கு அருகில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இரவு விழிப்பை விட்டொழிக்க முயலும் நம் பிள்ளைகளுக்கு, ஏன் நமக்கும்தான், இந்தச் சுரைக்குடுவைச் செய்தியை ஒருமுறை எடுத்துச் சொல்லலாம்.

எல்லோரும் ஒரே நாளில் மீண்டுவிட்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர், மீண்டும் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார். எத்தனை முறைதான் இவர் கொண்டுவரப்படுகிறார் என்று ஒருவர் சபித்தார். சபிக்க வேண்டாம் எனத் தடுத்த நபி (ஸல்) அவர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்தார்கள். தண்டனை நிறைவேறியது, ஆனால் அவருக்குப் பள்ளிவாசலின் வாசல் அடைபடவில்லை. பழக்கத்தில் சிக்கிய இளைஞனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மஹல்லாக்கள் இந்நிகழ்வை மறந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும்.

மது போனது, மது இருந்த இரவு என்னவாயிற்று? இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என அபூபர்ஸா (ரலி) அறிவிக்கிறார்கள். 'சமர்' அவைகளின் அடித்தளமே இதனால் தகர்ந்தது. முஸ்லிம்களின் பொதுக் காரியங்களைப் பற்றி அபூபக்ர் (ரலி) அவர்களுடன் இரவில் பெருமானார் கலந்து பேசியதுண்டு. இஷாவுக்குப் பின் நடக்கும் நம் நிர்வாகக் கூட்டங்களுக்கு இதை ஆதாரமாகக் கொள்ளலாம். அவை நள்ளிரவு வரை நீள்வதற்கு ஆதாரம் கிடைக்குமா என்பது ஐயமே!

பகலும் பங்கிடப்பட்டது. மதீனாவின் மேற்புறப் பகுதியாகிய அவாலியில் குடியிருந்த உமர் (ரலி) அவர்களுக்கு அன்சாரித் தோழர் ஒருவர் அண்டை வீட்டார். இருவருக்கும் பிழைப்பு இருந்தது. நாள்தோறும் நபியவைக்கு வர இயலாது. எனவே ஒருநாள் இவர் செல்வார், மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்றைய வஹீயையும் செய்திகளையும் மாலையில் மற்றவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். நேரமில்லை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லாது போயிற்று.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஏழு நாட்கள் விருந்தினராகத் தங்கிய அபூஉஸ்மான் அந்நஹ்தீ, தாம் கண்டதைக் கூறுகிறார். அவ்வீட்டார் இரவை மூன்றாகப் பகுத்திருந்தனர்: அபூஹுரைராவுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு, பணியாளருக்கு ஒரு பங்கு. ஒருவர் தொழுது முடித்ததும் அடுத்தவரை எழுப்புவார்.