வில்லைக்காகக் காத்திருந்தோர்

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வளையக் கதிரவ மறைப்பு ஒன்று நிகழ்ந்தது. அதன் நிழற்பாதை கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் வழியே தமிழகத்தைக் கடந்து, யாழ்ப்பாணத்தின் மேற்சென்று, வங்கக் கடலைத் தாண்டிச் சுமத்திரா வழியாக ஜொகூரின் தென்முனைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. நம் பாட்டன்மார் கப்பலின் அடித்தட்டில் படுத்து நாள்கணக்கில் கடந்த கடல்வழியை அந்த நிழல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிட்டது. மலாக்கா மாநிலம் பாதைக்குச் சற்று வடக்கே அமைந்துவிட்டமையால் நமக்கு முழு வளையம் கிட்டவில்லை. எனினும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறைந்து பிறையாகத் தெரிந்தது.

அந்த நாளை எதிர்நோக்கிச் சுங்கை ஊடாங்கில் நானும் சில மாணாக்கரும் ஒரு தொலைநோக்கியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மாணவனின் தந்தையார் பழைய பொருளாக வாங்கித் தந்த கருவி அது. ஆடி நன்றாகவே இருந்தது. ஆனால் கண்ணருகு வில்லைகள் இரண்டிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நீரிணையின் உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடியைக்கூட விட்டுவைப்பதில்லை என்பது இக்கரையோரம் வாழ்வோர்க்குத் தெரியும். நவம்பர் இடையில் புதிய வில்லைகளுக்குப் பணம் கட்டினோம். அதுவோ ஆண்டிறுதி மலிவு விற்பனைக் காலம். பதினொன்றாம் மாதம் பதினொன்றாம் நாள் ஒரு விற்பனை, பன்னிரண்டாம் மாதம் பன்னிரண்டாம் நாள் மற்றொரு விற்பனை, அதன்பின் கிறிஸ்துமஸ் பண்டிகை. நாடெங்கும் காலணிகளும் கைப்பேசி உறைகளும் மலைபோற் குவிந்து கிடக்க, எங்கள் சிறு பொட்டலம் அவற்றின் அடியில் எங்கோ அகப்பட்டுக்கொண்டது. விற்றவரைக் கேட்டால் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற ஒரே விடைதான். மறைப்பு நாளும் வந்தது, வில்லை வரவில்லை.

அன்று ஒரு மாணவியின் தாயார் இடியப்பத் தட்டை எடுத்து வந்து வெயிலில் பிடித்தார். சிமிந்தித் தரையில் நூற்றுக்கணக்கான பிறைகள் விழுந்தன. சிறு துளை வழியே வரும் ஒளி, ஒளிதரும் பொருளின் வடிவத்தையே வரையும் என்று பாடநூலில் படித்ததைப் பிள்ளைகள் நேரிற் கண்டனர். எனக்கோ அந்தத் தட்டைப் பார்த்தபோது வேறொரு மனிதரின் நினைவு வந்தது. அவரும் வில்லையோடும் கப்பலோடும் முகிலோடும் போராடியவர். அவர் வரலாறு தமிழ் மண்ணோடு பின்னிப் பிணைந்தது.

வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் நிகழ்ச்சி எட்டாண்டு இடைவெளியில் இருமுறை வரும். பின்னர் நூறாண்டுக்கு மேல் வராது. உலகின் பல இடங்களிலிருந்து அதனைக் காலம் குறித்து நோக்கினால் ஞாயிறு எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் 1761இலும் 1769இலும் இவ்வாய்ப்பு வந்தது. பிரெஞ்சு அறிஞர் கியோம் லெ ழான்டி, புதுச்சேரியிலிருந்து அதனை நோக்குவதற்காக 1760 மார்ச்சில் கப்பலேறினார். அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டிருந்தது. மொரீசியசில் பல மாதம் காத்திருந்து, வேறு கப்பல் கிடைத்து, மாகிக் கரையை அணுகிய வேளையில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி கிட்டியது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நின்றதோ ஆடும் கப்பலின் மேல்தளத்தில்! ஊசற் கடிகாரம் ஓடாத இடத்தில் காலம் குறிப்பது எங்ஙனம்? அவர் கண்டார், கண்டதால் பயனில்லை.

ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ அடுத்த எட்டாண்டும் கீழ்க்கடல்களிலேயே தங்கிவிடுவதென்று துணிந்தார். மடகாஸ்கரை ஆராய்ந்தார்; 1766இல் மணிலா சென்றார். அங்கிருந்த ஆளுநர் அவரை ஐயுற்றார். பாரிசு அறிவியற் கழகமும் புதுச்சேரிக்கே செல்லுமாறு எழுதியது. மணிலாவிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லும் கப்பல்களுக்கு அக்காலத்தில் நம் மலாக்கா நீரிணையே வழி. ஆதலின் 1768இன் தொடக்கத்தில் அம்மனிதர் சுங்கை ஊடாங்குக்கு எதிரேயுள்ள இதே கடலைத்தான் தாண்டிப் போயிருத்தல் வேண்டும்.

1768 மார்ச்சில் அவர் புதுச்சேரி அடைந்தார். போரில் இடிந்து கிடந்த கோட்டையின் மீது ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அவருக்கொரு நோக்ககம் எழுப்பித் தந்தார். அதன் கீழறையில் வெடிமருந்து சேமித்து வைக்கப்பட்டிருந்ததாம். இவ்விடத்தில் ஒரு செய்தியை அழுத்திக் கூற விரும்புகிறேன். எந்த ஆங்கிலேயரால் அவருடைய முதல் வாய்ப்புப் பறிபோயிற்றோ, அந்த ஆங்கிலேயரே சென்னையிலிருந்து மூன்றடி நீளமுள்ள நல்லதொரு நிறப்பிழை நீக்கிய தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி உதவினர். நாடுகள் பகைத்திருந்த காலத்திற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே ஒரு கண்ணாடி எல்லை தாண்டிச் சென்றது.

காத்திருந்த ஓராண்டில் அவர் செய்த செயல்தான் தமிழ் மாணாக்கர் அறிய வேண்டுவது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழ் அந்தணர் ஒருவரிடம் அவர் மாணவராக அமர்ந்தார். தொலைநோக்கி இல்லை, தாளில் எழுதிய வாய்பாடு இல்லை. மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டு தமிழர் கிரகணம் கணிப்பதைக் கண்டு வியந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த நிலவு மறைப்பின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடிதான் பிழைத்தது. ஐரோப்பாவில் சிறந்ததெனப் போற்றப்பட்ட டொபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 நொடி பிழைத்தது. இதனை மறைக்காமல் எழுதி வைத்தவர் அந்தப் பிரெஞ்சு அறிஞரே. ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒரு முறை மற்றதினும் சிறந்தது என்று முழங்குவது அறிவுடைமையன்று. பின்னாளில் ஜான் வாரன் என்பார், சிப்பிகளைத் தரையில் பரப்பிக் கணக்கிட்ட ஒரு தமிழரைக் கண்டு 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் குறித்தபோது, அவர் கணக்கிற் கண்ட பிழைகள் நிமிடக் கணக்கில் இருந்தன. ஆயினும் வழிவழியாக வந்த அக்கணிதம் உயிரோடிருந்தது என்பதற்கு இவ்விருவர் எழுத்தும் சான்று.

1769 ஜூன் மூன்றாம் நாள் இரவு வரை புதுச்சேரி வானம் தெளிந்திருந்தது. நான்காம் நாள் விடியலில் முகில் மூடியது. வெள்ளி ஞாயிற்றைக் கடந்து முடிந்தது. அதன்பின் வெயில் எறித்தது. அன்று முழுதும் எறித்தது. அவர் முன்பு விட்டு வந்த மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்ததாம். நோயுற்று, கப்பல் கிடைக்காது அலைந்து, 1771 அக்டோபரில் அவர் பிரான்சை அடைந்தபோது உறவினர் அவரை இறந்தவராகக் கருதிச் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தனர். அறிவியற் கழகத்தில் அவரது இடமும் வேறொருவர்க்குப் போயிருந்தது.

புதுச்சேரிக்கு வடக்கே சென்னையில் நிலையானதொரு நோக்ககம் எழுந்தது. வில்லியம் பெட்ரி என்பார் 1786இல் எழும்பூரில் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கு நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. தூணுக்குக் கல் உள்ளூரிலேயே கிடைத்தது. கண்ணாடி கிடைக்கவில்லை. இலண்டன் வினைஞரிடம் கேட்டு எழுதும் கடிதம் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்ச் சேரப் பல மாதம். வினைஞர் செய்து முடிக்கும் காலம் தனி. கருவி திரும்பி வரப் பின்னும் பல மாதம். வழியில் உடைந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்நிலையிலும் டி.ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இருப்பிடத்தைக் குறித்த பட்டியலை 1844இல் வெளியிட்டார் என்பது எளிய செயலன்று.

தந்தி வந்தபின் செய்தி மட்டும் விரைந்தது. 1872 நவம்பர் இறுதியில் செருமானிய வானியலார் கிளிங்கர்ஃபியூஸ், ஒரு வால்மீனைத் தேடுமாறு சென்னை நோக்ககத் தலைவர் நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார். சில மணி நேரத்தில் அது சென்னையை எட்டியது. முகில் விலகியதும் டிசம்பர் தொடக்கத்தில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். ஆனால் அதே போக்சன் 1882இல் மலைமீது நிறுவ இருபது அங்குலத் தொலைநோக்கி வேண்டுமென்று முன்வைத்த கோரிக்கை என்னவாயிற்று? 1891இல் அவர் மறையும்வரை அது வரவில்லை. அக்கோரிக்கையின் வழித்தோன்றலாகக் கோடைக்கானல் நோக்ககம் 1899இல்தான் பணி தொடங்கியது.

போக்சனின் கீழ்ப் பணியாற்றிய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில் உறுப்பினரானார். 1874இன் வெள்ளிக் கடப்பைப் பொதுமக்களுக்கு விளக்க நூல் எழுதி இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். கண்ணாற் காணும் வானத்தோடு பஞ்சாங்கம் ஒத்துவர வேண்டும் என்று வாதிட்டுத் திருக்கணிதத்துக்கு உழைத்தார், 1880இல் மறைந்தார். நம் பாடநூல்களில் இவர் பெயருக்கு இடமில்லாதது எனக்கு வருத்தமே.

அவர் கண்ட விண்மீன் ‘ரெட்டிக்குலம்’ என்னும் சிறு விண்மீன் கூட்டத்தில் உள்ளது. தென்வானத்தை அளந்த பிரெஞ்சு அறிஞர் லக்கை இட்ட பெயர் அது. அதன் பொருள் வலை. அதாவது தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் அளவெடுப்பதற்காகப் பதித்த நுண்ணிழை வலை. வானிலேயே கண்ணருகு வில்லைக்கென ஓரிடம் உண்டு. அங்குதான் ஒரு தமிழ்நாட்டு வானியலாரின் பெயரும் நிற்கிறது.

எங்கள் பொட்டலம் 2020 சனவரி இடையில் வந்தது. 25 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டரும் குவியத்தூரமுடைய இரு வில்லைகள். எங்கள் கருவியின் ஆடிக்குக் குவியத்தூரம் 900 மில்லிமீட்டர் ஆகலின் முறையே 36 மடங்கும் 90 மடங்கும் உருப்பெருக்கம் கிட்டும். இவ்வகுத்தலைப் பிள்ளைகளே செய்தனர். மறைப்பு முடிந்துபோன பின் இவற்றால் எதைப் பார்ப்பது என்று ஒருவன் கேட்டான். சென்னையில் அடிவானத்திலிருந்து 14 பாகை உயரமே எழும் ரெட்டிக்குலம், மலாக்காவில் ஏறத்தாழ 25 பாகை எழும். சனவரியில் இரவு ஒன்பது மணியளவில் நேர் தெற்கே நிற்கும். ஆதலின் அதையே தேடுவோம் என்றேன்.

திடலின் ஓரத்தில் கருவியை நிறுத்தினோம். அடிவானத்தில் விளக்குகளின் மங்கிய வெளிச்சம். கனோப்பசு விண்மீனை அடையாளமாகக் கொண்டு, படத்தைக் கைவிளக்கில் பார்த்துப் பார்த்து நகர்த்தி, அந்த இடத்தைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ரகுநாதாச்சாரியின் விண்மீன் ஏறத்தாழ 280 நாளுக்கொரு முறை ஒளி கூடிக் குறைவது. மங்கிய நாள்களில் சிறு கருவிக்கு எட்டாது. படத்தில் புள்ளி குறித்த இடத்தில் அன்று எங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை. ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்த்தனர். “இல்லை ஐயா” என்றாள் ஒரு மாணவி. இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்றேன். அவள் குறிப்பேட்டில் நாளையும் நேரத்தையும் வில்லையின் அளவையும் எழுதி, எதிரே ‘தெரியவில்லை’ என்று குறித்தாள்.